டெலிபோனுக்கும் ஒரு பாடு

பழவேற்காட்டில் யார் யாரோடு பேசினார்கள் என்பது கடவுளுக்குத் தெரியும். அவருக்கு அடுத்தபடியாக ரோசிக்குத் தெரியும். கடவுள் வெளியே சொல்லமாட்டார், ரோசியும் சொல்லமாட்டாள். அதனால்தான் ஊரில் இரண்டு பேருக்கும் நல்ல பெயர் இருந்தது.

தபாலாபீசுக்குப் பின்னால், ஒரு காலத்தில் உப்பு மூட்டை அடுக்கிவைத்திருந்த அறையில்தான் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். எழுபத்து நாலில் ரோசி அங்கே ஆபரேட்டராக வந்து உட்கார்ந்தாள். எதிரே ஆளுயர மரப் பலகை. அதில் வரிசையாகத் துளைகள், ஒவ்வொரு துளைக்கும் மேலே ஒரு சின்னப் பித்தளை மூடி. ஊரில் யாராவது தன் டெலிபோன் கைப்பிடியைச் சுற்றினால் இங்கே அவருடைய மூடி டக்கென்று கீழே விழும். ரோசி ஒரு ஒயரை எடுத்து அந்தத் துளையில் செருகி, "எக்ஸ்சேஞ்ச்" என்பாள். யார் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு ஒயரின் மறுமுனையை அவர் துளையில் செருகி மணி அடிப்பாள். வெளியூர்க்காரர்கள் எல்லோரும் பொன்னேரி எக்ஸ்சேஞ்ச் வழியாகத்தான் வரவேண்டும். அங்கே உட்கார்ந்திருந்த கஸ்தூரி, "பழவேற்காடு, ஆள் வருது" என்று சொல்லிவிட்டு லைனை இந்தப் பக்கம் தள்ளிவிடுவாள்.

ரோசி லூர்துகுப்பத்துப் பெண். அப்பா சாலமன் ஏரியில் வலை கட்டுகிறவர். அம்மா அவள் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். பொன்னேரிக்கு பஸ் ஏறிப் போய்ப் பத்தாவது முடித்து, மெட்ராசில் பயிற்சிக்குப் போன இடத்தில், பயிற்சி கொடுத்த அம்மாளுக்கு இவள் குரலைக் கேட்டதும் தூக்கிவாரிப் போட்டதாம். குப்பத்தில் யாரும் மெதுவாகப் பேசிப் பழகியதில்லை. காற்று ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம், நடுவில் படகு. அங்கிருந்து கத்தினால்தான் இங்கே கேட்கும். குரலை இறக்க ரோசிக்கு ஒரு மாதம் பிடித்தது. காதைத் தீட்டிக்கொள்ள ஒரு நாள்கூடத் தேவைப்படவில்லை. எந்தப் படகு வருகிறது என்று துடுப்புச் சத்தத்தை வைத்துச் சொல்கிற ஊரில் பிறந்தவள் அவள்.

இந்த இடத்தில் பாடு என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். கடல் தண்ணீர் ஏரிக்குள் நுழைகிற முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் திரளாக வரும் இடங்கள் சில உண்டு. அந்த இடத்தில் வலை கட்டினால் அள்ளலாம், நாலு முழம் தள்ளிக் கட்டினால் நண்டுதான். எல்லோரும் ஒரே நாளில் அங்கே போய் நின்றால் வெட்டுக்குத்துதான் மிஞ்சும். அதனால் ஊரில் வருஷத்துக்கு ஒரு தரம் சீட்டுப் போட்டு, இன்று இந்த வீடு, நாளை அந்த வீடு என்று முறை வைத்திருந்தார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். பாடு தவறி வலை கட்டுகிறவனோடு ஊரில் ஒருத்தரும் பேசமாட்டார்கள். அவன் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூடப் போகமாட்டார்கள்.

சாலமன் வீட்டுக்கும் பாடு இருந்தது. ஒரு வருஷம் அவருடைய முறை நாளில் கம்பு நட்டு வலை கட்டி முடித்துத் திரும்பும்போது, சேற்றில் கிடந்த திருக்கை முள்ளால் காலில் ஒரு குத்து குத்திவிட்டது. படகில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். கால் பிழைத்தது, விரல்கள் போயின. அன்று கட்டிய வலையை யாரும் போய் இழுக்கவில்லை. அது ராவோடு ராவாக நீரோட்டத்தில் பிய்ந்துபோய்விட்டது. கம்புகள் மட்டும் நின்றன. சாலமனால் இனிமேல் இடுப்பளவு தண்ணீரில் ஊன்றி நிற்க முடியாது. ஆனால் படகில் உட்கார்ந்தபடி, மச்சான் மகன்களை வைத்து வலை கட்டுவேன் என்றார். தண்ணீரில் இறங்காதவனுக்குப் பாடு கிடையாது என்பது ஊர் ஏற்பாடு. அவருக்கு மகனும் இல்லை. பெண்ணுக்குப் பாடு தருகிற வழக்கமே இல்லை. சாலமன் வீட்டுப் பாட்டை வைப்பதா எடுப்பதா என்பதை அடுத்த சீட்டு நாளில் முடிவு செய்வதாக ஊர் சொல்லியிருந்தது.

சம்பளக்காரி மகள் இருக்க மனுஷனுக்கு என்ன கவலை என்று நீங்கள் கேட்கலாம். ரோசியும் ஒரு தரம் கேட்டுப் பார்த்தாள். சாலமன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். சோற்றுக்காக மட்டும் என்றால் அவர் இவ்வளவு வாடியிருக்கமாட்டார். பாடு போனால் ஊர்க்கூட்டத்தில் அவருக்கு உட்கார இடம் இல்லை. பேர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. அப்பா அப்படி ஆவதை ரோசியால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அந்தப் பாடு வீட்டில் நிற்க வேண்டும் என்று அவள் கும்பிடாத மாதா இல்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் இறால் கொட்டகையில் டெலிபோன் தகராறு முளைத்தது.

வெளிநாட்டுக்கு இறால் ஏற்றுமதி சூடு பிடித்திருந்த சமயம் அது. பல குப்பத்து இறாலும் கரையில் இருந்த ஒரே கொட்டகைக்கு வரும். இறால் பொதுக் குவியல். அதை விற்றுக் கொடுக்க நாலு தரகர்கள், ஆளுக்கொரு மேசை, மேசைக்கு ஒரு டெலிபோன். முதல் மேசை மாசிலாமணி, லூர்துகுப்பத்துத் தலைவரும் அவர்தான். இரண்டாவது மக்பூல் பாய், பேச்சில் சர்க்கரை கொட்டும். மூன்றாவது வேலு. கோழி வாங்கப் போனால்கூட விற்கிறவள் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டு அவள் கேட்ட விலைக்கு மேல் கொடுத்துவிட்டு வருகிற மனுஷன். நாலாவது ஆதிகேசவன். அவருக்கு டெலிபோன் என்பதில் முழு நம்பிக்கை கிடையாது. மெட்ராஸ்காரரோடு பேசும்போது தெற்கே திரும்பி நின்றும், பொன்னேரிக்காரரோடு பேசும்போது மேற்கே திரும்பி நின்றும் தொண்டை கிழியக் கத்துவார்.

வாங்குகிறவர்கள், "இறால் கொட்டகை குடும்மா" என்றுதான் கேட்பார்கள். யாராக இருந்தாலும் சரி. இன்ன ஆள்தான் வேண்டும் என்றால் பி.பி. கால் போட வேண்டும், அதற்குக் கட்டணம் கூடுதல். ரோசி ஆரம்பத்தில் கைக்கு எட்டிய முதல் துளையில் செருகிவந்தாள். அது மாசிலாமணியுடையது. அவர் பேசிப் பேசிக் களைத்துப்போனார், வேலுவின் டெலிபோனில் சிலந்தி கூடு கட்டியது. மற்ற மூன்று பேரும் சண்டைக்கு வந்தார்கள். மாசிலாமணிக்கு ஒரு யோசனை தோன்றியது. ஏரிக்கு இருப்பதுபோல் டெலிபோனுக்கும் பாடு வைத்துவிட்டால் என்ன? ஒரு கால் எனக்கு, அடுத்தது பாய்க்கு, அடுத்தது வேலுவுக்கு, பிறகு கேசவனுக்கு. எல்லோருக்கும் இது ரொம்பவும் பிடித்துவிட்டது. இப்படியொரு சட்டத்தை வேறு எந்த ஊரிலும் போட்டிருக்கமாட்டார்கள். ரோசியிடம் வந்து சொன்னார்கள். அவளும் சரி என்றாள். அவளும் அதே ஊர்தானே.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் போயிற்று. ஒரு நாள், பொன்னேரி ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் ஐஸ் டிப்போ வைத்திருந்த வரதய்யா பேசினார். பெரிய வாங்கல்காரர். மக்பூல் பாயிடம் பன்னிரண்டு கூடை புலி இறால் பேசி முடித்தார். அதற்குள் லைன் அறுந்துவிட்டது. வண்டி எப்போது வரும் என்று சொல்ல மறுபடி கூப்பிட்டார். ரோசி முறைப்படி அடுத்த ஆளுக்குக் கொடுத்தாள். வேலுவின் மேசையில் அன்று ஆள் இல்லாததால் அது கேசவனுக்குப் போயிற்று. "பன்னெண்டு கூடை, வண்டி கெளம்பிடுச்சு" என்பது கேசவன் காதில் விழுந்ததும், புது ஆர்டர் என்று நினைத்து இன்னொரு பன்னிரண்டு கூடைக்கு ஐஸ் போட்டுக் கட்டிவைத்துவிட்டார். வண்டி வந்தது, பாய் கட்டியதை ஏற்றிக்கொண்டது. கேசவன் கட்டியது உச்சி வெயிலில் வாடி நின்றது. வரதய்யா பெரிய மனசு பண்ணி அதையும் அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொண்டார்.

அன்றைக்கே வரதய்யாவுக்குக் கொட்டகையின் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. மறுநாளிலிருந்து ஒருவர் விலையில் இறங்காவிட்டால், "கேக்கல, கேக்கல" என்று சொல்லி போனை வைத்துவிடுவார். மறுபடி கூப்பிட்டால் அடுத்த ஆள் வருவார். அவரும் மசியாவிட்டால் அதற்கடுத்தவர். எப்படியும் சுற்றி வந்து வேலுவிடம் நிற்கும். வேலுவுக்கு உள்ளே ஒரு பயம். இந்த ஆளை விட்டால் பக்கத்து மேசைக்குப் போய்விடுவானே என்ற பயத்தில், கேட்ட விலைக்குத் தலையாட்டிவிடுவார். கடைசியில் கொட்டகை விலை என்பதே வேலுவின் விலை என்று ஆகிப்போயிற்று. வலை இழுத்தவர்கள் வயிற்றெரிச்சலோடு போனார்கள். நாலு மேசைக்காரர்களும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள். வரதய்யா மட்டும் ஐஸ் டிப்போவில் குளுகுளுவென்று உட்கார்ந்திருந்தார்.

ரோசிக்கு எல்லாம் தெரிந்தது. வரதய்யா பேச ஆரம்பிப்பதற்கு முன் தொண்டையை மூன்று தரம் கனைப்பார். அந்தக் கனைப்பைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் கையால்தான் ஊர் ஏமாறுகிறது என்று நினைத்தபோது அழுகையும் வந்தது. ஒரு காலைப்பொழுது அவர் கேசவனோடு பேசிவிட்டு போனை வைத்து மறுபடி கூப்பிட்டபோது, ரோசி யாரையும் கேட்காமல் கேசவனுக்கே கொடுத்தாள். மூன்றாம் தரமும் கேசவனுக்கே. கேசவன் மேற்கே திரும்பி நின்று போட்ட கூச்சலில், வரதய்யா திகைத்துப்போய்க் கேட்ட விலையைக் கொடுத்தார்.

ஆனால் கொட்டகையில் மற்றவர்கள் பார்த்தது வேறு. கேசவன் டெலிபோன் மட்டும் மூன்று தரம் மணி அடித்தது, அடுத்து இருந்த மாசிலாமணி டெலிபோன் வாய் திறக்கவில்லை. பாடு தப்பிவிட்டது. மாசிலாமணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வெயிலில் விறுவிறுவென்று நடந்து எக்ஸ்சேஞ்ச் ஜன்னலுக்கே வந்துவிட்டார்.

"இன்னா ரோசி, கேசவன் உனக்கு இன்னா உறவு? நம்ம ஊர்ப் பொண்ணு நீயே பாடு தப்புனா, மத்த குப்பத்துக்காரன் என்னை இன்னான்னு பேசுவான்?"

ரோசி விளக்கிச் சொல்ல வாயெடுத்தாள். அவர் கேட்கிற நிலையில் இல்லை. போகும்போது, குரலை இறக்கி இன்னொன்றும் சொன்னார்.

"சீட்டு நாள் வருது. உங்க வூட்டுப் பேச்சும் அன்னிக்கு வரும். யோசிச்சுக்கோ."

மாசிலாமணி கெட்ட மனுஷன் இல்லை. சாலமனைப் படகில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தவர்களில் அவரும் ஒருவர். ஆனாலும் அந்தச் சொல் ரோசிக்குச் சுருக்கென்று தைத்தது. பேசாமல் அவர் சொன்னபடி வரிசையாகக் கொடுத்துக்கொண்டு போனால் வீட்டுப் பாடு நிற்கும். கொட்டகை எக்கேடு கெட்டால் என்ன என்று இருக்க வேண்டியதுதான். அப்பாவும் அதையேதான் சொன்னார். வம்பை விலைக்கு வாங்காதே, அவங்க கேட்டபடி குடுத்துட்டுப் போ என்றார். சொல்லிவிட்டு, ஏரியில் தூரத்தில் தெரிந்த தன் கம்புகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் அப்படிப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த ரோசிக்கு, சொல்ல வேண்டியது என்ன என்பது அங்கேயே கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே கொட்டகைக்குப் போனாள். பெண்கள் கூடை இறக்கத்தான் அங்கே வருவார்கள், நியாயம் பேச யாரும் வந்ததில்லை. அவள் படலுக்கு வெளியிலேயே நின்றாள். குரலை இறக்கப் படித்திருந்தவள், அன்று ஊர் முறைக்குப் பெரியப்பாவான மாசிலாமணியைப் பார்த்துக் குப்பத்துக் குரலிலேயே பேசினாள்.

"பெரிநைனா, ஒண்ணு கேக்கறேன். ஒருத்தன் தன் பாடு நாள்ல வலை போட்டுட்டான். இழுக்குறதுக்குள்ள பொழுது சாஞ்சிடுச்சு. அடுத்த வூட்டுக்காரனுக்கு அந்த எடத்தைக் குடுத்துடுவீங்களா?"

"அதெப்படி? வலை தண்ணில இருக்கச்சொல்ல யார் குடுப்பான்? போட்டவன் இழுக்குற வரைக்கும் அது அவன் எடம்."

"அதைத்தான் நானும் செஞ்சேன். வரதய்யா உங்கள்ல ஒருத்தராண்ட வெலை பேச ஆரம்பிச்சா வலை போட்டாச்சு. வெலை முடிஞ்சு வண்டி வர்ற வரைக்கும் வலை தண்ணிலதான் கீது. நடுவுல அவரு எத்தினி தபா போனை வெச்சிட்டு எடுத்தாலும் அது புதுப் பாடு இல்ல. வேற ஆளு கூப்புட்டாத்தான் அடுத்தவருக்குப் பாடு."

முதலில் விளங்கிக்கொண்டவர் மக்பூல் பாய். தொடையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். கேசவன், தான் முதலிலேயே இதைச் சொன்னதாகச் சாதித்தார், அப்படி அவர் சொல்லவேயில்லை. மாசிலாமணி மீசையைத் தடவிக்கொண்டே யோசித்தார். பாட்டைப் பற்றி ஒரு பெண் தனக்கே திருப்பிச் சொன்னது அவருக்குக் கொஞ்சம் கசந்தது. நாளைக்கு ஒரு நாள் பார்க்கலாம் என்றார். ஆனால் கறாராக ஒரு நிபந்தனை போட்டார். முதல் தரம் கூப்பிடும்போது யார் முறையோ அவருக்குத்தான் கொடுக்க வேண்டும், வரதய்யாவுக்கு ஏற்ற ஆளாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுக்கக் கூடாது.

ரோசி ஒப்புக்கொண்டாள். நாளைக்கு முதல் முறை யாருக்கு என்று எண்ணிப் பார்த்தார்கள். வேலுவுக்கு.

எல்லோரும் வேலுவைப் பார்த்தார்கள். வேலு தரையைப் பார்த்தார்.

திங்கட்கிழமை காலை பொன்னேரி மூடி விழுந்தது. கஸ்தூரி லைனைத் தள்ளினாள். மூன்று கனைப்பு. ரோசி கையில் ஒயரை வைத்துக்கொண்டு ஒரு நொடி நின்றாள். பக்கத்திலேயே கேசவனின் துளை. அதில் செருகினால் விலை கிடைக்கும், தான் சொன்னது சரி என்று ஆகும், அப்பாவின் பாடும் நிற்கும். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் முறை வேலுவுடையது. அவள் மாதாவை நினைத்துக்கொண்டு வேலுவின் துளையில் செருகினாள்.

லைன் சரியாக இருக்கிறதா என்று கேட்பது ஆபரேட்டர் வேலை. அதற்கு மேல் கேட்பது சட்டப்படி தப்பு. அன்று அவள் அதற்கு மேலும் கேட்டாள்.

வேலு விலை சொன்னார். குரல் நடுங்கியது. வரதய்யா சிரித்தார். முடியாது, நான் வேற ஆளோட பேசிக்கிறேன் என்று போனை வைத்தார். வழக்கமாக அந்த இடத்தில் வேலு, "இருங்க சார், இருங்க சார்" என்று கெஞ்சுவார். இன்று கெஞ்சவில்லை. உடனே மூடி விழுந்தது. கனைப்பு. ரோசி வேலுவுக்குக் கொடுத்தாள். மறுபடியும் வேலுவின் குரலையே கேட்டு வரதய்யா தடுமாறுவது வேலுவுக்கே தெரிந்தது. அதே விலையைச் சொன்னார். போன் வைக்கப்பட்டது. மூன்றாம் தரம் கனைப்பு இல்லை, வேறு குரல். டிப்போக் கணக்குப்பிள்ளை பேசினார், மீஞ்சூரிலிருந்து பேசுவதாகச் சொன்னார். குரலுக்குப் பின்னால் மரச் சுத்தியலால் ஐஸ் பாரை உடைக்கிற சத்தம் டொம் டொம் என்று கேட்டுக்கொண்டிருந்தது. ரோசி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேலுவுக்கே கொடுத்தாள்.

வேலுவுக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. இந்த ஆள் எங்கே போனாலும் தன்னிடம்தான் வந்தாக வேண்டும். பக்கத்து மேசைக்குப் போய்விடுவான் என்ற பயம்தான் இத்தனை நாள் அவரைச் சாய்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பயம் போனதும் பார்த்தால், வேலு ஒன்றும் அவ்வளவு இளகின ஆள் இல்லை. ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு அதே விலையைச் சொன்னார், குரல் நடுங்கவில்லை.

நாலாம் தரம் வரதய்யா ரோசியிடமே கேட்டார்.

"ஏம்மா, அந்தக் கொட்டகைல வேற மனுஷாளே இல்லியா?"

"இருக்காங்க சார். உங்க பேச்சு வேலு சாராண்ட தான் நிக்குது. அவரோட முடிச்சிடுங்க."

வரதய்யா சத்தமாகச் சிரித்தார். வியாபாரி என்றால் வியாபாரிதான், தோற்றால் தோற்றதாக ஒப்புக்கொள்வார். வேலு கேட்ட விலைக்கு வண்டி வந்து ஏற்றிப் போயிற்று. மத்தியானம் எக்ஸ்சேஞ்ச் ஜன்னல் வழியாக வாழையிலைப் பொட்டலம் ஒன்று வந்தது. சுடச்சுட இறால் வடை. வேலு கொடுத்தனுப்பியது என்றார்கள். ரோசி அதைச் சாப்பிட்ட கையோடு ஒயரைத் தொட்டதில், அன்று முழுக்க ஊரெங்கும் மசாலா வாசனையோடுதான் பேசினார்கள் என்று பின்னால் கேலி பேசிக்கொண்டார்கள்.

அந்த ஏற்பாடு பல வருஷம் நின்றது. எண்பத்தேழில் தானாகவே லைன் கொடுக்கும் இயந்திரம் வந்தது. அதற்குள் ரோசி கல்யாணமாகி, குழந்தைகள் பெற்று, பொன்னேரி எக்ஸ்சேஞ்சுக்கு மாற்றலாகியிருந்தாள். இயந்திரம் பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் பழையபடி முதல் டெலிபோனுக்கே எல்லா அழைப்பையும் கொண்டுபோய்க் கொட்டியது. முதல் மேசைக்காரர் பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போனார். ஒரு நாள் மாசிலாமணி பொன்னேரிக்கு போன் போட்டு, அந்த மெஷினை நீ கொஞ்சம் அதட்டக் கூடாதா என்று ரோசியிடம் கேட்டாராம். அதட்டிப் பார்த்தேன், அதுக்கு நம்ம பேச்சு புரியல என்றாளாம் அவள்.

அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது சீட்டு நாளைப் பற்றி.

வேலு ஜெயித்த வாரத்திலேயே லூர்துகுப்பத்தில் சீட்டு நாளும் வந்தது. சாலமன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, கோலை ஊன்றிக்கொண்டு கோயில் பக்கம் போனார். கூட்டத்துக்குள் போகவில்லை. உள்ளே உட்காரலாமா கூடாதா என்பதே அன்றைக்குத்தானே முடிவாக வேண்டும்? அதனால் வேப்பமரத்தடியில் தள்ளி நின்றார். ரோசிக்கு டியூட்டி. பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். வழக்கமாக நாலு பேரோடு பேசிக்கொண்டே ஐந்தாவது ஆளுக்கு லைன் கொடுக்கிறவள், அன்று பள்ளிக்கூடத்துக்கு வந்த அழைப்பை ஐஸ் கடைக்கும், ஐஸ் கடைக்கு வந்ததைப் பங்குச் சாமியாருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தாள். சாமியார் பெருந்தன்மையாக ஐஸ் இல்லை என்று சொல்லிவிட்டாராம்.

பொழுது உச்சிக்கு ஏறியது. யாரும் வந்து எதுவும் சொல்லவில்லை. எடுத்துவிட்டார்கள்போல, அதுதான் சொல்ல வரக் கூச்சப்படுகிறார்கள் என்று நினைத்தாள்.

கொட்டகையின் முதல் மூடி விழுந்தது. மாசிலாமணியுடையது. கூட்டம் முடிந்து கொட்டகைக்கு வந்திருக்கிறார். ரோசி செருகினாள்.

"ரோசி, சாலமன் வூட்டுக்கு லைன் குடு."

"எங்க வூட்ல ஏது பெரிநைனா போனு?"

"தெரியும். உன்னாண்ட சொன்னா சேர வேண்டிய எடத்துல சேத்துடுவ இல்ல? சொல்லு. அவன் திருக்கை குத்துன அன்னிக்கு ஒரு வலை போட்டான். அதை இன்னும் இழுக்கல. இழுக்குற வரைக்கும் அந்த எடம் அவனுது. கூட்டத்துல நான்தான் சொன்னேன், நாயத்தை எடுத்துக் குடுத்தது நீன்னும் சொன்னேன். ஒருத்தனும் மறுப்பு பேசல. வியாழக்கெழமை அவன் பாடு. படகுலயே குந்திக்கிட்டு கட்டச் சொல்லு."

ரோசிக்குக் கண் மறைத்தது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மாசிலாமணி அந்தப் பக்கம் காத்திருந்தார். அவரும் மூக்கை உறிஞ்சுகிற மாதிரி கேட்டது. தூசி என்று அவர் பிறகு சொன்னதாகத் தகவல்.

அப்போது பொன்னேரி மூடி டக்கென்று விழுந்தது. ரோசி அதிலும் செருகினாள். மூன்று கனைப்பு கேட்டது. நேற்றுப் பேசியதெல்லாம் நேற்றே முடிந்து வண்டியும் போய்விட்டது, ஆகவே இது புது வலை. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வரிசையை மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள்.

"பெரிநைனா," என்றாள், "போனை வைங்க. அடுத்த பாடு உங்களுது."